உயர்ந்துகொண்டே போன வீடு

"பால் கிழக்கால பொங்கினது உங்கட ராசியில்லை, தர்ஷனா அக்கா! உங்கட நிலம் சரிஞ்சு கிடக்குது!"

"குடிபூந்த நாளிலயிருந்து இதே கதை. வயிறு எரிஞ்சா தண்ணியைக் குடி, சாருஜா."

வேலியின் இரு பக்கமும் நின்று அவர்கள் கத்தியது டென்மார்க்கின் ஸ்கீவ நகரில் எங்கள் தெரு முழுக்கக் கேட்டது. அண்ணன் துவாரகனும் தம்பி கபிலனும் ஒட்டினாற்போல இரண்டு வீடு வாங்கியதால் வந்த வினை. பால் காய்ச்சிய அன்று தம்பி மனைவி சாருஜாவின் பானை அடிப்பிடித்தது. அண்ணன் மனைவி தர்ஷனாவின் பானை கிழக்கே பொங்கி வழிந்தது. சாருஜா பொறுப்பாளா?

ஆனால் ஒன்று உண்மை. முன்பு சமமாக இருந்த தர்ஷனா வீட்டு ஜன்னல், இப்போது சாருஜாவின் ஜன்னலைவிட ஒரு சாண் மேலே நின்றது.

"எரிமலை வாயிலதான் வெடிக்க முன்னம் நிலம் இப்பிடி ஊதும்," கபிலன் சிரித்தான். "டென்மார்க்கில எரிமலை எங்க? உன்ர வாய்தான்."

தர்ஷனா வீட்டார் கோயிலுக்குப் போன ஒரு குளிர்காலப் பின்னேரம், கபிலனிடம் இருந்த அவர்கள் வீட்டுச் சாவியால் சாருஜா உள்ளே போனாள். செருப்பைக் கழற்றினாள். தரை சுட்டது. தனக்கில்லாத தரைச்சூடாக்கியா என்று நெஞ்சு எரிய, சுவர் சுவராகத் தேடினாள். சூட்டைக் கூட்டும் குமிழ் எதுவும் இல்லை, ரேடியேட்டரும் குளிர்ந்து கிடந்தது, தீக்குச்சி உரசிய மணத்துக்கு அடியில் அவிந்த முட்டை மணம் மெல்லக் கசிந்தது. விறாந்தையின் நடுப்பகுதி நிறைமாத வயிறுபோல மேடிட்டிருந்தது. குனிந்து காதை வைத்தாள்.

தரை உயர்ந்தது.

நின்றது.

மெல்ல இறங்கியது.

ஓடிவந்தாள். சொல்லியிருக்க வேண்டும். வாய்வரை வந்தது. ஆனால் உயர்வது அவர்களுடைய வீடு அல்லவா? அந்த நினைப்பு பயத்தைவிடச் சூடாக இருந்தது.

"அக்கா, வீட்டை மாத்துவமோ?" என்றுதான் கேட்டாள்.

"உனக்கு அவ்வளவு ஆசையெண்டா எடு," என்றாள் தர்ஷனா. அந்தத் தரையால் அவளுக்கும் இரவில் நித்திரை இல்லை என்பது எங்களுக்குப் பிறகுதான் தெரியும்.

தர்ஷனா குடும்பம் மாற்றிய வீட்டிலும் நிற்காமல் அல்பர்ட்ஸ்லுண்ட் நகருக்குப் போய்விட்டது. கபிலன் ஒரு கிழமைகூடத் தாங்காமல் ஓல்போர்க் நகருக்கு ஓடினான். அங்கே அன்னா என்ற டெனிஷ்காரியைக் கட்டிவிட்டானாம். சாருஜா மட்டும் அந்த உயரும் வீட்டைவிட்டு அசையவில்லை.

தெருவெல்லாம் பனி மூடினாலும் அவள் கூரையில் ஒரு துகள் தங்குவதில்லை. ஜன்னலால் பார்க்க எங்களுக்கு இப்போது ஏணி வேண்டும். தரையில் கன்னம் வைத்துப் படுத்திருப்பாள். தரை அவளைத் தூக்கும், இறக்கும்.

நேற்றுத் தூக்கியது. இன்னும் இறக்கவில்லை.