பிந்தி வரும் சிறுவிரல்

யாரும் தொடாமலே கீபோர்டின் நடுக்கட்டை ஒன்று ஒலித்தது. அதைக்கூட எஸ்ஸுமன் மன்னித்திருப்பான். அது மெதுவாக ஒலித்ததுதான் அவனுக்குப் பிடிக்கவில்லை.

சனிக்கிழமை மதியம். ஒத்திகை முடிந்து பாடகர் குழு கென்கே சோள உருண்டையும் பொரித்த மீனும் தேடிப் போய்விட்டது. பாலைவனத் தூசியை அள்ளிவரும் ஹர்மட்டான் காற்று செகொண்டி நகரத்தையே சாம்பல் பூசிய கண்ணாடிக்குள் வைத்திருந்தது. ஆலயத்தின் தகரக் கூரை காய்ந்து முறுக்கிக்கொள்ளும் சத்தம், பக்கத்து வீட்டில் ஃபுஃபுக்குக் கிழங்கு இடிக்கும் உலக்கையின் தொம் தொம், ஸ்பீக்கரின் ஓயாத முனகல், இவற்றுக்கு நடுவே அந்த ஒற்றைச் சுரம், தூங்குகிற குழந்தையின் அறையில் கதவைச் சாத்துகிற பதமாக வந்தது.

எஸ்ஸுமனுக்கு உலகத்தில் தன்னைத் தவிர மதிக்கத்தக்க ஆள் கிடைத்ததில்லை. பாடகர் குழு அவனுக்கு ஆட்டு மந்தை. பாஸ்டர் சுருதி தெரியாத தொண்டை. ட்ரம்ஸ் வாசிக்கும் ஃபீஃபி டாக்ஸி ஓட்டுகிறவன், எனவே தகரம் தட்டுகிறவன். நாளை ஞாயிறு ஆராதனையில் எஸ்ஸுமனை ஆலயத்தின் இசைத் தலைவனாக அறிவிக்கப்போகிறார்கள். புதுச் சட்டை தைத்தாகிவிட்டது. பாஸ்டரின் ஜெபத்துக்கு நடுவே இந்தக் கட்டை தானாகப் பேசினால், சட்டையோடு பதவியும் போகும்.

ட்ரம்ஸ் குச்சிகளைப் பையில் போட்டுக்கொண்டிருந்த ஃபீஃபி நிமிர்ந்து பார்த்தான்.

"என்ன மாஸ்டர், பெட்டி தானா பேசுது?"

"தூசி. இந்தக் காத்துக்கு எல்லா டப்பாவும் இருமும்."

"தூசி விழுந்தா கத்தும், இல்லன்னா ஊமையாயிரும்னு நீதானப்பா எங்களுக்கெல்லாம் பாடம் எடுத்த. இது கிசுகிசுக்குதே. அராபா ஆன்ட்டி கை மாதிரியே இருக்கு."

"செத்தவங்களுக்கு வேற சோலி இல்லையா? போ, போய் உன் டாக்ஸியத் துடை."

ஃபீஃபி சிரித்துக்கொண்டேதான் போனான். ஆனால் வழக்கத்தைவிட வேகமாகப் போனான்.

அவன் சொன்ன பாடம் சரிதான். கட்டை ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு ரப்பர் குமிழ். அதற்குள் இரண்டு கரும்பொட்டுகள். கட்டை இறங்கும்போது முதல் பொட்டு முந்தித் தொடும், இரண்டாவது பிந்தித் தொடும். இரண்டுக்கும் நடுவே எவ்வளவு நேரம் போனது என்று பெட்டி அளக்கும். சட்டென்று போனால் சத்தம் பெரிது, தயங்கிப் போனால் சின்னது. மற்றபடி விரலின் பலமோ பக்தியோ அதற்குத் தெரியாது. அழுக்கு அந்தக் கணக்கைக் குழப்பும், அலற வைக்கும். மெதுவாகப் பேச வைக்காது. மெதுவுக்கு ஒரு விரல் வேண்டும்.

இதை எஸ்ஸுமன் நன்றாக அறிவான். அதை வைத்துத்தானே அராபா ஆன்ட்டியை ஒழித்தான்.

அந்த அம்மாள் அவனுக்கு முன்னால் பல வருடம் இங்கே வாசித்தவள். மூட்டு வீங்கிய விரல்கள், அவற்றில் எந்நேரமும் வலிக்குத் தேய்க்கும் ஷியா வெண்ணெய் வாசம். வலது சிறுவிரல் மடங்கியே கிடந்ததால், எத்தனை சுரங்களைச் சேர்த்து வாசித்தாலும் அதன் சுரம் மட்டும் கொஞ்சம் பிந்தி வந்து சேரும். எறும்பு ஊர்கிறது என்பான் எஸ்ஸுமன். ஆனால் பாஸ்டர் ஜெபிக்கும்போது அவர் குரலுக்கு அடியில் பாய் விரிப்பதுபோல் வாசிக்க அவளால்தான் முடிந்தது. இந்த ஊர் ஆலயங்களில் ஜெபத்துக்கு அடியில் வாசிக்கத் தெரியாதவன் வாசிக்கவே தெரியாதவன்.

கடலில் மாண்ட பையனுக்காக ஜெபம் நடந்த ஒரு ஞாயிறு, ஆராதனைக்கு முன்னால் எஸ்ஸுமன் ஒரு பொத்தானை அமுக்கிவைத்தான். தொடு உணர்வை அணைக்கும் பொத்தான். அதன்பின் இறகால் தொட்டாலும் சுத்தியலால் அடித்தாலும் ஒரே சத்தம். அராபா எப்போதும்போல் மெல்லத் தொட்டாள். ஸ்பீக்கர் அலறியது. இன்னும் மெல்லத் தொட்டாள். மறுபடி அலறியது. பையனின் தாய் காதைப் பொத்திக்கொண்டாள். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். கிழவிக்குக் காது போய்விட்டது என்று அடுத்த வாரமே எஸ்ஸுமனை உட்கார வைத்தார்கள். மழைக்காலம் முடிவதற்குள் அவளைப் புதைத்தாயிற்று. அந்தச் சவ அடக்கத்துக்கு வாசித்தவனும் இவன்தான். நன்றாகவே வாசித்தான் என்று பேச்சு.

மறுபடி அந்தச் சுரம்.

எஸ்ஸுமன் உதட்டைச் சுழித்தான். "இருமு, இருமு," என்றபடி அதே பொத்தானை அமுக்கினான். தன் விரலால் லேசாகத் தொட்டுப் பார்த்தான். ஆலயம் அதிர்ந்தது. இனி எதுவும் இந்தப் பெட்டிக்குள் மெதுவாக ஒலிக்க முடியாது.

ஒலித்தது. மெதுவாக. முன்னைவிட மெதுவாக.

மின்கம்பியைப் பிடுங்கினான். ஸ்பீக்கரின் முனகல் நின்றது. அப்போதுதான் கவனித்தான், உலக்கைச் சத்தமும் நின்றிருந்தது. கூரைகூட முறுக்கிக்கொள்ளவில்லை. வெறும் தூசி வாசம். அதற்கு அடியில், எண்ணெய்ப்பிசுக்காக, வேறொரு வாசம்.

அவனுக்குக் கோபம்தான் வந்தது. செத்தும் அடங்காத கிழவி என்று நினைத்தான், உடனே அப்படி நினைத்ததற்காகத் தன்னையே கேவலமாக நினைத்தான். பேய்க்குப் பயப்படுவது மீன் விற்கிறவர்களின் வேலை. திருகாணிகளைக் கழற்றினான். பெட்டியைத் திறந்தான். கட்டைகளைக் கழற்றி அடுக்கினான். ரப்பர் பட்டை வெளியே வந்தது, வெளிறிய குமிழ்கள் வரிசையாக.

தூசியே இல்லை. நக்கித் துடைத்ததுபோல் சுத்தம்.

நடுக்குமிழ் ஒன்று குழிந்தது.

கட்டை இல்லை. மின்சாரம் இல்லை. கை இல்லை. குமிழ் குழிந்தது, பாதி வரைக்கும். முதல் பொட்டு தொட்டிருக்கும். இரண்டாவது தொடவில்லை. அப்படியே நின்றது.

பக்கத்தில் இன்னொன்று. அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. மற்றொன்று. ஒரு கை விரியும் அகலத்தில் நான்கு குழிகள். கொஞ்சம் பிந்தி, ஐந்தாவது.

அவன் பின்வாங்கினான். முழங்காலின் பின்புறம் ஸ்டூலில் இடித்தது. உட்கார்ந்துவிட்டான். அவளுடைய ஸ்டூல்.

"ஆன்ட்டி," என்றான். வாழ்நாளில் முதல்முறை மரியாதையாக. "நாளைக்கு... நான் பாஸ்டர்கிட்ட சொல்லிடறேன்."

குமிழ்கள் எல்லாம் ஒன்றாக எழும்பின. கைவிட்டதுபோல்.

வாசல் திறந்தே இருந்தது. சாம்பல் வெளிச்சம். எழுந்தால் போதும்.

கழுத்தில் ஏதோ பட்டது.

வழுவழுப்பாக. மிக மெதுவாக. கட்டைவிரல் பிடரியில். ஒரு விரல். இன்னொன்று. இன்னொன்று. அமுக்கவில்லை. சும்மா தொட்டுக்கொண்டிருந்தன. முதல் பொட்டு. இரண்டாவதற்கு எவ்வளவு நேரமென்று அளந்துகொண்டு.

ஷியா வெண்ணெய் வாசம்.

அவன் அசையாமல் உட்கார்ந்திருந்தான். சிறுவிரல் இன்னும் வந்து சேரவில்லை.