கையேடுள்ள கார்டு இருக்குதுங்களா?

கொழிஞ்சாம்பாறையில் கோகுல்நாத்தின் கம்ப்யூட்டர் கடைக்கு மழை பெய்தால்தான் கூட்டம் வரும். யாரும் எதுவும் வாங்க மாட்டார்கள்... மழை விட்டதும் போய்விடுவார்கள்.

அன்று ஒருத்தி மட்டும் நனைந்துகொண்டே தேடி வந்தாள்.

"ஏனுங்க, கிராபிக்ஸ் கார்டு வேணும்."

நிமிர்ந்தான். நனைந்த இமைகள்... அவற்றின் கீழே இரண்டு கண்கள். இரண்டுதான். இருந்தாலும் இன்னொரு முறை சரிபார்த்துக்கொண்டான்.

"அதை வேலை வாங்குற புரோகிராம நானே எழுதோணுங்க. உள்ளார எந்த எடத்துல எதை எழுதுனா என்ன நடக்கும்னு கம்பெனிக்காரனே கையேடு வெளிய விட்டிருக்கோணும். அப்படியொரு கார்டு இருக்குதுங்களா?"

அவனுக்குப் புரிந்தது கடைசி வார்த்தை மட்டும்.

"இருக்குதுங்க!"

'தெரியாது' என்பது அந்தக் கடையில் நான்கு வருஷமாக ஸ்டாக் இல்லாத சரக்கு. ஏழு வண்ணத்தில் விளக்கெரியும் கார்டை எடுத்து நீட்டினான். அவள் பெட்டியைப் பார்த்தாள்... அவனைப் பார்த்தாள்... வாங்கிக்கொண்டாள். பில்லில் பெயர்: யோகப்பிரியா, எருத்தேன்பதி.

மூன்றாம் நாள் திரும்பி வந்தாள். மழையும் கூடவே வந்தது.

"இந்தக் கம்பெனி ஒரு வரி கூட வெளிய விடலைங்க. பதினஞ்சு நாள்ல எனக்கு ப்ராஜெக்ட் ரிவ்யூ. புரோகிராம் ஓடலைன்னா இன்னொரு வருஷம் அதே காலேஜ்."

"லைட்டு எரியுதுங்களா?"

"லைட்டு பாக்கோணும்னா மாரியம்மன் நோம்பிக்கே போயிருப்பனே!"

'விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது' என்று சுவரில் தமிழிலும் மலையாளத்திலும் எழுதியிருந்தது. அவன் தமிழைப் பார்த்தான், பயனில்லை. மலையாளத்தைப் பார்த்தான்.

"திருப்பி எடுக்க வேண்டாமுங்க. 'எனக்குத் தெரியாது, சும்மா சொன்னேன்'னு ஒரு வார்த்தை சொல்லுங்க. போதும்."

பணம் கேட்டிருந்தால் கொடுத்திருப்பான். இதை எப்படி...?

"புது ஸ்டாக் வரட்டுமுங்க," என்றான் கௌரவமாக.

கார்டை மேசையில் வைத்துவிட்டு, குடையைக் கூட விரிக்காமல் போய்விட்டாள்.

மறுநாள் கடை பூட்டியிருந்தது. எந்தக் கார்டுக்குக் கையேடு உண்டு என்று கோகுல்நாத் வாழ்க்கையில் முதல்முறையாகத் தேடிப் படித்தான். பட்டியலில் இருந்த ஒரு கார்டு அவனுடைய சொந்தக் கம்ப்யூட்டருக்குள்ளேயே கிடந்தது. நான்கு வருஷமாக அதில் அவன் கார் ரேஸ் ஓட்டிக்கொண்டிருந்தான். கழற்றினான்.

அதற்கடுத்த நாள் காலை, எருத்தேன்பதி பஸ் ஸ்டாப். காலேஜுக்குப் போக யோகப்பிரியா நின்றிருந்தாள். அவனுடைய மழைக்கோட்டைக் கார்டு போட்டிருந்தது, அவன் நனைந்துகொண்டிருந்தான்.

"எனக்குத் தெரியாதுங்க," என்றான். "அன்னிக்கு நீங்க கேட்டது ஒண்ணுமே புரியலை. உங்களப் பாத்ததும் வாய் தானா 'இருக்குது'ன்னுருச்சு. இது என்ற சொந்தக் கார்டுங்க. இதுக்குக் கையேடு இருக்குதுங்க... ஆயிரத்து நூறு பக்கம். படிச்சேன்."

"புரிஞ்சுதுங்களா?"

"பக்க நம்பர் மட்டும் புரிஞ்சுதுங்க."

அவள் சிரித்துவிட்டாள். பொள்ளாச்சி பஸ் வந்து நின்றது.

"நானும் ஒண்ணு சொல்லோணும். அந்தக் கம்பெனி கையேடு விடாதுன்னு பெட்டியைப் பாத்ததுமே எனக்குத் தெரியும்."

"அப்பறம் ஏனுங்க வாங்குனீங்க?"

"திருப்பிக் குடுக்க மறுபடி வரலாமல்லங்க..." அவள் தலை குனிந்தாள். "ஆனா 'ஸ்டாக் வரட்டும்'னீங்க பாருங்க, அப்ப வந்த கோவம் நெசம்."

கார்டை நெஞ்சோடு அணைத்தபடி பஸ் ஏறினாள். கண்டக்டர் விசில் ஊதினார்.

"ஏனுங்க!" கோகுல்நாத் பஸ்ஸோடு ஓடினான். "எனக்கு உங்களப் புடிச்சிருக்குதுங்க! உங்க மனசுலயும்... அந்த மாதிரி ஏதாச்சும்... இருக்குதுங்களா?"

ஜன்னலில் இரண்டு கண்கள். இந்த முறை அவன் சரிபார்க்கவில்லை.

"இருக்குதுங்க!"