தொட்டிலுக்கு மேலே ஒரு பித்தளை விளக்கு

விளக்கை மாட்டிய மூன்றாம் நாள் காலையில்தான் ராலிட்சா அந்தக் கறையைப் பார்த்தாள். பித்தளைத் தண்டின் உச்சியில், கூரையை ஒட்டி, கட்டைவிரல் அளவுக்கு ஒரு கறுப்பு.

மெருகேற்றிய பித்தளையில் வெறும் விரல் பட்டால் உடனே தெரியாது. ஓரிரு நாள் கழித்து, ஈரம் பட்ட இடம் பழுப்பாகி, பிறகு கறுத்து, ரேகையோடு மேலே வரும். அதற்காகத்தான் வார்னிஷ் பூசச் சொல்வார்கள். அவள் பூசவில்லை. வயிற்றில் ஏழு மாதப் பிள்ளை. குளிருக்கு மூடிய ஜன்னல்களுக்குள் அந்த நெடியைச் சுவாசிக்க மனம் வரவில்லை. வயர் இணைக்க வந்த எலெக்ட்ரீஷியன் தொட்டிருப்பான் என்று நினைத்து, ஏணியில் ஏறித் துடைத்துவிட்டு இறங்கினாள்.

ரூசே நகரத்தின் அந்தப் பழைய கட்டடத்தில் மேல்மாடி வீட்டை இலையுதிர்காலத்தில்தான் வாங்கினார்கள். கணவன் ஓக்னியான் ஜெர்மனிக்கு லாரி ஓட்டுபவன். மாதத்தில் பாதி நாள் சாலையில்தான். குழந்தைக்கென்று ஒதுக்கிய சின்ன அறையில் கூரை விளக்கே இல்லை. கூரையைத் தட்டிப் பார்த்தபோது நடுவில் மட்டும் உள்ளே வெற்றிடம் இருப்பதுபோல் சத்தம் வந்தது. சாந்தைச் சுரண்டினாள். பழைய வயர் நுனிகளும், அவற்றைச் சுற்றி, வயருக்குத் தேவையானதைவிடப் பெரிதான ஒரு துளையும் தெரிந்தன. உள்ளிருந்து சில்லென்று காற்று இறங்கியது.

"ஒரு விளக்கு வாங்கி மாட்டிட்டுப் போயேன்," என்றான் ஓக்னியான் போனில்.

"கடையில இருக்கறது எல்லாம் பிளாஸ்டிக். பிறந்ததிலேர்ந்து பிளாஸ்டிக்கைப் பார்த்துட்டா படுத்திருக்கும் என் பிள்ளை? நானே பித்தளையில ஒண்ணு செஞ்சு மாட்டறேன்."

"சரி, உன் விளக்கு தலையில விழாம இருந்தாச் சரி."

ரம்பத்தைக்கூட அதுவரை கையில் பிடித்ததில்லை அவள். வெட்டிய முதல் பித்தளைக் குழாய் கோணலாகப் போயிற்று. இரண்டாவதில் மரை பிடிக்கவில்லை. வளைவில் வயர் சிக்கிக்கொள்ள, நுனியில் நூல் கட்டி, குழாயின் மறுமுனையில் வாக்குவம் கிளீனரை வைத்து உறிஞ்சி இழுத்தாள்; நூல் விசுக்கென்று வெளியே வந்தபோது தனியாகவே கைதட்டிச் சிரித்தாள். நடுவில் ஒரு தண்டு, அதிலிருந்து மூன்று கிளைகள், மேலே கூரைத் துளையை மறைக்கும் கிண்ணம் போன்ற மூடி. மூடியின் இரண்டு திருகுகள்தான் மொத்த எடையையும் தாங்கின. விளக்கைப் போட்ட அன்று மாலை, மஞ்சள் வெளிச்சத்தில் காலித் தொட்டிலைப் பார்த்தபடி வெகுநேரம் நின்றாள்.

துடைத்த கறை திரும்ப வரவில்லை. அதற்குக் கீழே நான்கு விரல்களின் தடமும், அவற்றுக்கும் கீழே ஒரு கட்டைவிரலின் தடமும் வந்தன.

எலெக்ட்ரீஷியனுக்குப் பிறகு அந்த அறைக்குள் வேறு யாரும் வந்திருக்கவில்லை. தன் கையை அந்த அடையாளத்தின்மேல் வைத்துப் பார்த்தாள். பொருந்தவில்லை. ஏணியில் நிற்பவர் தண்டைப் பிடித்தால் கட்டைவிரல் மேலே இருக்கும். இதில் கீழே இருந்தது. மேலிருந்து இறங்கிப் பிடித்த கை. விரல்களும் நீளம், தண்டை ஒரு சுற்றுச் சுற்றி, மறுபடி பாதி சுற்றியிருந்தன. அவள் கூரையோடு ஒட்ட முறுக்கிய மூடிக்கும் கூரைக்கும் நடுவே இப்போது ஒரு மெல்லிய இடைவெளி.

கீழ்வீட்டு ஸ்டோய்ன்கா, முட்டைக்கோஸ் ஊறுகாய் வாடை வீசும் மாடிப்படியில் நின்று, ராலிட்சா சொன்னதைக் கேட்டுக்கொண்டாள்.

"முன்னாடி இருந்தவர் அந்த ரூம்ல மேஜை விளக்குதான் வச்சிருந்தார், பொண்ணே. மேல இருந்த ஓட்டையை அவரே சாந்து பூசி அடைச்சார். ஒரு தடவை இல்ல. வருஷா வருஷம்."

"ஏன்க்கா?"

"குளிர் இறங்குதுன்னார்." ஸ்டோய்ன்கா அவள் வயிற்றைப் பார்த்தாள். "நீ ஏணியில எல்லாம் ஏறாதே."

மறுநாள் தொட்டில் மெத்தையில் வெள்ளைச் சாந்துத் தூள் கிடந்தது. உதறினாள். அடுத்த நாளும் கிடந்தது. அறையில் நனைந்த சுண்ணாம்பின் வாடை, அதோடு வியர்த்த கையில் நாணயத்தை வெகுநேரம் பொத்தி வைத்திருந்தால் வருமே, அந்த வாடை. சமையலறையில் பீன்ஸ் சூப் கொதிக்கும் சத்தத்துக்கு நடுவே, உலோகம் முனகுவதுபோல் மெல்லிய கிறீச் ஒன்று கேட்கும். அடுப்பை அணைத்துக் காது கொடுத்தால் நின்றுவிடும். அடையாளங்கள் தண்டு வழியே இறங்கி வந்துகொண்டிருந்தன. ஒரு பிடி. அதற்குக் கீழே இன்னொரு பிடி. தொட்டிலைக் கூடத்துக்கு இழுத்துப் போட்டாள். அன்றைக்கே விளக்கு கூடத்து வாசல் பக்கமாகச் சாய்ந்திருந்தது.

"நான் கழட்டிடப் போறேன்," என்றாள் போனில்.

"ரெண்டு நாள் பொறு ராலி, நான் வந்துடறேன். இந்த நேரத்துல ஏணி வேணாம்."

"ரெண்டு நாள் முடியாது."

பனி கொட்டிய பிற்பகல் அது. ஸ்டோய்ன்காவின் கதவைத் தட்டினாள், ஆள் இல்லை. ஜன்னலில் வெளிச்சம் சாம்பலாக மங்கிக்கொண்டிருந்தது. இன்னும் தாமதித்தால் இருட்டிவிடும். மின்சாரத்தை அணைத்தாள். ஏணியைத் துளைக்கு நேர் கீழே வைத்து, ஒவ்வொரு படியிலும் மூச்சு வாங்கி ஏறினாள். வயிறு படியில் இடித்தது. மூன்று கிளைகளும் சேரும் இடத்தில் இடது கையைக் கொடுத்து எடையைத் தாங்கியபடி, வலது கையால் முதல் திருகைச் சுழற்றினாள். சாந்துத் தூள் இமையில் விழுந்தது. கண்ணைச் சிமிட்டினாள். திருகு வந்துவிட்டது.

இரண்டாவது இறுகியிருந்தது. மெல்ல மெல்லச் சுற்றினாள். அதுவும் கழன்று உள்ளங்கையில் விழுந்தது.

விளக்கின் எடை கையில் இறங்கக் காத்திருந்தாள்.

இறங்கவில்லை.

இடது கையைச் சற்றுத் தளர்த்தினாள். விளக்கு அசையவில்லை. கையை எடுத்தாள். அப்படியே நின்றது. இரண்டு திருகுகளும் அவளிடம் இருந்தன.

வயர், என்று நினைத்தாள். வயரில் தொங்குகிறது. ஆனால் வயர் மூடியின் ஓரமாகத் தொய்ந்து, வளைந்து, இழுபடாமல் கிடந்தது.

மூடியின் விளிம்பில் ஏதோ வெளுப்பாக நகர்ந்தது. ஒரு விரல். அடுத்தது. ஈரச் சாந்து அப்பிய விரல்கள், கணுவுக்கு மேல் கணுவாக.

இறங்க வேண்டும். ஒரு காலைக் கீழ்ப்படிக்கு நீட்டித் துழாவினாள்.

 

துளையின் இருட்டிலிருந்து இரண்டாவது கை வந்தது. தண்டைப் பிடித்தது. விட்டது. கீழே பிடித்தது. விட்டது. அவசரமே இல்லை. கிளைகளைத் தாண்டி, அவள் முகத்தைத் தாண்டி, மார்பைத் தாண்டி இறங்கி, கம்பளிச் சட்டையின்மேல், வயிற்றின் முழு வளைவையும் மூடும்படி விரிந்து படிந்தது.

சில்லென்றிருந்தது.

உள்ளே குழந்தை புரண்டு, அந்தக் கை இருந்த பக்கமாகத் திரும்பியது.