ஏழாம் அறை காலியாகவில்லை

சுமைரா கை வைக்காமலே மவுஸ் ஒருமுறை க்ளிக் என்றது.

அச்சங்குளம் பட்டாசுக் கம்பெனி ஆபீசில் அந்த மத்தியானம் அவளையும் கருப்பம்மாளையும் தவிர ஆள் இல்லை. வானம் கறுத்து, தூரத்தில் இடி உருண்டுகொண்டிருந்தது. இடி கேட்டால் வெடிமருந்து அறைகளில் ஒருத்தரும் இருக்கக் கூடாது. அதற்காகவே சுமைரா கம்ப்யூட்டரில் ஒரு ஃபார்ம் செய்து வைத்திருந்தாள். மேலே அறை எண்ணை க்ளிக் செய்தால், கீழே இருக்கிற சப்ஃபார்மில், அந்தச் சின்னப் பட்டியலில், அங்கே வேலை செய்கிறவர்களின் பெயர்கள் வரும். பெயரை க்ளிக் செய்தால் பச்சை டிக் விழும், ஆள் உள்ளே. இன்னொரு க்ளிக்கில் டிக் போய்விடும், ஆள் வெளியே. சற்றுமுன்தான் சூப்பர்வைசர் போனில் சொல்லச் சொல்ல எல்லா டிக்கையும் எடுத்திருந்தாள்.

இப்போது திரையில் ஏழாம் அறை தானாகத் திறந்திருந்தது. போன மாத விபத்துக்குப் பிறகு கூரையில்லாமல் சுவர் மட்டும் நிற்கிற அறை. அன்றைக்குச் செத்துப்போன நான்கு பேரின் பெயர்கள். நான்கிலும் பச்சை டிக். முதல் பெயர் ரோஜா.

ரோஜா கருப்பம்மாளின் மகள். மருந்து அறைக்குள் செருப்பு போட்டுப் போகக் கூடாது என்பதால் வாசலில் விட்டுப்போன அவள் செருப்பு மட்டும் கருகாமல் தப்பியிருந்தது. அதை வாங்கிப்போகத்தான் கருப்பம்மாள் வந்திருந்தாள். மகள் பெயரை மட்டும் அவளுக்கு எழுத்துக்கூட்டத் தெரியும். பச்சை டிக் என்றால் ஆள் உள்ளே என்பதைச் சற்றுமுன் சுமைரா போனில் பேசியதிலிருந்து புரிந்துகொண்டிருந்தாள்.

“எம்மக உள்ள இருக்கான்னா காட்டுது, தாயி?”

“இல்ல பெரியம்மா… மெசின் கோளாறு.”

அந்த க்ளிக்குக்கு நிரல் எழுதியவளே சுமைராதான். யாரும் தொடாமல் அது ஓடாது. எங்கிருந்தோ முடி பொசுங்குகிற வாசனை வந்தது.

“இடி இடிக்குதே. பிள்ளைய வெளிய வரச் சொல்லுங்க தாயி.”

இந்தத் தாய்க்குத் தன்னால் வேறென்ன செய்ய முடியும்? சுமைரா ரோஜாவின் பெயரை க்ளிக் செய்தாள்.

டிக் போனது.

அப்புறம் அவள் தொடாமலே மற்ற மூன்றும். க்ளிக். க்ளிக். க்ளிக்.

வெளியே சரளைக்கல்லில் வெறுங்கால்கள் இழுத்து நடக்கிற சத்தம். நெருங்கியது. வாசலில் நின்றது. அங்கே யாரும் இல்லை.

கருப்பம்மாள் பெஞ்சில் நகர்ந்து இடம் விட்டாள்.

“எம்புட்டு நேரமா ஏட்டி உள்ள கெடந்த?”

பக்கத்து வெற்றிடத்தில், ஒரு முகத்தைத் துடைப்பதுபோல், முந்தானையால் மெல்லத் துடைத்தாள். துணியில் கரி அப்பியது. கரியோடு கொஞ்சம் தோலும் வந்தது. அவள் அழுதுகொண்டே துடைத்தாள். இன்னும் வந்தது.