வலது சக்கரத்தில் குளத்து நீர்

புல்வெட்டும் வண்டியின் இன்ஜினை அணைத்த பிறகும் வலது பின்சக்கரத்துக்குள் தண்ணீர் அலம்பிக்கொண்டிருந்தது. லொரீன் இருக்கையை விட்டு இறங்காமல் காதுகொடுத்துக் கேட்டாள். வண்டி அசையவில்லை. இடது சக்கரத்தில் சத்தமே இல்லை.

இடது டயருக்குள் இருப்பது கார் கண்ணாடி கழுவும், குளிரில் உறையாத நீலத் திரவம். பக்கத்துப் பண்ணைக்காரர் க்ளீட்டஸ் காலையில் வந்து நிரப்பியது. சரிவில் புல்வெட்டும் வண்டி வழுக்காமலிருக்க டயருக்குள் எடை வேண்டும், மேலே சங்கிலியும் சுற்ற வேண்டும். ஒரு டயரோடு திரவம் தீர்ந்துபோனது.

"இன்னொண்ணுக்குக் குளத்துத் தண்ணியே போதும்மா. அது உறையறதுக்குள்ள நீ டென்வர்ல பொண்ணு வீட்டுல காலை நீட்டி உக்காந்திருப்ப," என்றிருந்தார் அவர்.

"அந்தக் குளத்துத் தண்ணியா?"

"உன் புருஷன் டாயில் இருந்தா, ஓசில கிடைக்கிறதுக்கு எவன்டா கடைக்குப் போவான்னு கேட்டிருப்பான்."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஏப்ரலுக்குப் பிறகு முதல் சிரிப்பு. அந்த ஏப்ரலில்தான், தேய்ந்த டயர்களோடு இதே வண்டி, ஏறமுடியாமல் வழுக்கி, அவள் கணவன் டாயிலைக் குளத்துக்குள் கொண்டுபோய் அழுத்தியது. அதன் பிறகு குளத்தை நோக்கி இறங்கும் அந்தச் சரிவில் யாரும் புல் வெட்டவில்லை. நாளை வீட்டை விலைக்கு வாங்கப் பார்க்க வருகிறார்கள். அவர்கள் வேண்டாமென்று போய்விட்டால், சமையலறை ஜன்னல் வழியே அந்தக் குளத்தைப் பார்த்தபடி இன்னொரு குளிர்காலம். அது அவளால் முடியாது.

காலையில் போகும்போது க்ளீட்டஸ் சொல்லியிருந்தார்: "பயமா இருந்தா குதிச்சிடும்மா. சீட்டுல ஆள் இல்லன்னா இன்ஜின் தானா நின்னுடும்."

அவள் மறுபடி கிளப்பினாள். முழங்காலளவு புல் ஈரமாகச் சாய, மேகம் மூடிய பிற்பகல் வெளிச்சத்தில், மேலும் கீழுமாக வரிசை வரிசையாக வெட்டிக்கொண்டே போனாள். சங்கிலிகள் மண்ணைக் கவ்வின. எங்கும் வழுக்கவில்லை. வெட்டுண்ட புல்லின் பச்சை வாசத்துக்கு அடியில் சேற்று வாசம் எழுந்தது. அதற்கும் அடியில், மெல்ல மெல்ல, டாயில் கன்னத்தில் அடக்கி மெல்லும் புகையிலையின் புதினா வாசம்.

இன்ஜின் இரைச்சலையும் மீறி வலது சக்கரம் அலம்பியது. மேட்டுப் பக்கம் திருப்பினாள். வண்டி குளத்தின் பக்கம் திரும்பியது. மறுபடி ஒடித்தாள். கையிலிருந்த ஸ்டியரிங் சக்கரம் எதிர்ப்பக்கம் சுழன்றது, மேலிருந்து இன்னொரு கை பிடித்துச் சுழற்றியதுபோல.

"வேண்டாம் டாயில்," என்றாள். "நான் போகணும். என்னை விட்டுடு."

பிரேக். நிற்கவில்லை.

குளம் அருகில் வந்தது.

குதித்தாள்.

ஈரப் புல்லில் உருண்டு, முகத்தைப் புதைத்தபடி, இன்ஜின் நிற்கக் காத்திருந்தாள்.

நிற்கவில்லை.

தலையைத் தூக்கினாள். வண்டியின் முன்சக்கரங்கள் நீரைத் தொட்டன. பிறகு அது நிதானமாகத் திரும்பியது. டாயில் திருப்புவதைப்போலவே, கடைசியாக வெட்டிய வரிசையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு.

ஆளில்லாத இருக்கை அமுங்கியிருந்தது. அதன் விளிம்பிலிருந்து தண்ணீர் சொட்டியது.

சங்கிலிகள் மண்ணைக் கவ்வின. ஒரு விரற்கடைகூட வழுக்காமல், வண்டி அவளை நோக்கி மேடேறி வந்தது.