முடிச்சின் மேல் ஒரு விரல்

முதல் முடிச்சைப் போட்டுவிட்டு, அது நழுவாமல் இருக்க, "விரல் வை," என்றாள். விரல் வந்து சணல் முடிச்சின் மேல் உட்கார்ந்தது. அதன் மேலேயே இரண்டாவது முடிச்சை இறுக்கிக்கொண்டு வந்து, "எடு," என்றதும், கயிறு கவ்வுவதற்குச் சற்று முன்னால் லாவகமாக விலகிக்கொண்டது. காலையிலிருந்து இதே வேலைதான் என்பதால் அவள் தலையைத் தூக்கவில்லை. விரல் சில்லென்று இருந்தது மட்டும் உறைத்தது.

"தண்ணியில ஆடாதேன்னு எத்தன தடவ சொல்றது? கை ஐஸ் மாதிரி இருக்கு."

"என்னம்மா சொன்ன?" என்று குளியலறைக்குள்ளிருந்து மகளின் குரல் கேட்டது. கதவு சாத்தியிருந்தது. உள்ளே குழாய் ஓடிக்கொண்டிருந்தது.

அவள் நிமிர்ந்தாள். எதிரே விரித்திருந்த செய்தித்தாளில் சருகும் சுள்ளியும் சணல் துணுக்குகளும் கிடந்தன. ஆள் இல்லை. கையிலிருந்த முடிச்சைத் திருப்பிப் பார்த்தாள். தனியாகப் போட்டிருந்தால் தொளதொளவென்று இருக்க வேண்டிய முடிச்சு கல்லாக இறுகியிருந்தது. குனிந்தே உட்கார்ந்து கழுத்து பிடித்துக்கொண்டதோடு மூளையும் பிடித்துக்கொண்டதாக்கும் என்று தன்னையே திட்டிக்கொண்டு அடுத்த கொடியை எடுத்தாள்.

நாளைக்கு நாத்தனார் குடும்பத்தோடு வருகிறாள். விடுமுறை முடியும்வரை இங்கேதான். நாத்தனார் வீட்டில் அலங்காரம் என்றால் பெட்டி பெட்டியாகக் கடையில் வாங்கியது. மின்னும், பாடும், விட்டால் காபிகூடப் போட்டுத் தரும். இவளிடம் இருந்தது ஒரு சணல் உருண்டை, ஒரு கிழிந்த சாக்கு, கொஞ்சம் ஜாம் பாட்டில்கள். "குப்பைய வீட்டுக்குள்ள தூக்கிட்டு வந்து தொங்கவிட்டா அதுக்குப் பேரு அலங்காரமா?" என்று கணவன் கிண்டல் செய்தான். செய்துவிட்டு, பாட்டில்களை வெந்நீரில் ஊறவைத்து லேபிளைச் சுரண்டிக் கொடுத்ததும் அவன்தான். சாக்கை நாடாவாகக் கிழித்துப் பூ மாதிரி கட்டினாள். ஆரஞ்சுப் பழத்தை வட்டம் வட்டமாக நறுக்கி அடுப்பு அனலில் காயவைத்தாள். காய்ந்த வட்டங்களில் பாதியைச் சுண்டெலி தின்று தீர்த்தாள். அப்பா மகளுக்கு வைத்த பெயர் அது. கூப்பிட்டுக் கூப்பிட்டு இப்போது பள்ளிக்கூடப் பெயரே வீட்டில் யாருக்கும் சட்டென்று வராது.

கொடிதான் பெரிய அதிர்ஷ்டம் என்று காலையில் நினைத்தாள். பின்பக்கத்து வீடு, இவர்கள் குடிவந்த நாளிலிருந்தே காலி. இடிந்த மதில் வழியாக நுழைந்தால் புல் மண்டிய முற்றம், அதன் மூலையில் பழைய சாமான்கள் போட்டுவைக்கும் அறை. கதவே தெரியாதபடி அதில் கொடி சுற்றியிருந்தது. வேர் எங்கே என்று தேடினாள், இல்லை. அது அங்கே வளரவில்லை, யாரோ கொண்டுவந்து கட்டியிருக்கிறார்கள். அடியில் கறுத்துப்போன பழையது, அதன் மேல் கொஞ்சம் புதியது, அதற்கும் மேல் இன்னும் பச்சை மாறாதது. வளைத்தே வைத்திருக்கிறார்கள், நமக்கு வேலை மிச்சம் என்றுதான் அவளுக்குத் தோன்றியது. கத்தரிக்கோல் வைத்தால் பீன்ஸ் மாதிரி நறுக்கென்று வெட்டுப்பட்டது. கடைசி வளையம் கழன்றதும் கதவு தானாகக் கொஞ்சம் உள்ளே நகர்ந்தது. வெகுநாள் பூட்டிக் கிடந்த பெட்டியைத் திறந்த வாசனை அந்த இடுக்கு வழியாக வந்தது. உள்பக்கத் தாழ்ப்பாளிலும் அதே கொடி, அதே முடிச்சு. உளுத்துப்போய், கதவு நகர்ந்த வேகத்தில் அறுந்து தொங்கியது. உள்ளே இருந்தும் ஒருவர் கட்டியிருக்கிறார் என்பது கண்ணில் பட்டது, புத்தியில் படவில்லை. மழை பிடித்துக்கொள்ளவே, கை நிறையக் கொடியோடு மகளையும் இழுத்துக்கொண்டு வீட்டுக்கு ஓடிவந்தாள்.

வீட்டுக்காரர் ஆணி அடிக்க விடமாட்டார். சுவரில் அடித்தால் தன் நெஞ்சில் அடித்த மாதிரி துடிப்பார். அதனால் வளையங்களைத் தாழ்ப்பாளிலும் கைப்பிடியிலும் ஜன்னல் கம்பியிலுமாகச் சுற்றிக் கட்டினாள். வெளியே மழை என்பதால் எல்லாமே உள்பக்கம். வாசல் கதவு ஆயிற்று, பின்கதவு ஆயிற்று, கூடத்து ஜன்னல்கள் ஆயின. பாக்கி இருந்தது சமையலறை ஜன்னல் ஒன்றுதான். அதற்கான கடைசிக் கொடி சமையலறை மூலையில் வாளியில் ஊறிக்கொண்டிருந்தது. அந்த ஜன்னலுக்குக் கம்பி கிடையாது. ஒருமுறை சாவியைத் தொலைத்துவிட்டு அது வழியாக இடுப்பைச் சிராய்த்துக்கொண்டு ஏறி உள்ளே குதித்தவள் அவள். "திருட்டுப் பூனை" என்ற பட்டம் அன்றைக்குக் கிடைத்தது.

சுண்டெலி கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். அடுத்த முடிச்சில் வைத்த விரல் சூடாக, ஆரஞ்சுப் பிசுக்கோடு இருந்தது. அந்தப் பிசுக்கு அவளுக்கு அவ்வளவு ஆறுதலாக இருந்தது. கொஞ்ச நேரம் குழந்தையின் கையை விடாமலே பிடித்துக்கொண்டிருந்தாள்.

பொழுது மழையிலேயே சாய்ந்தது. எப்படித் தெரிகிறது பார்ப்போம் என்று விளக்கை அணைத்துவிட்டு ஜாம் பாட்டில்களில் மெழுகுவத்தி ஏற்றினார்கள். அழகாகத்தான் இருந்தது. ஓட்டில் விழும் மழையின் ஒரே சீரான இரைச்சலுக்கு அடியில், காய்ந்துகொண்டிருந்த வளையங்கள் வாசலில் ஒன்றும் கொல்லைப்பக்கம் ஒன்றுமாக மெல்ல முறுகி முனகின. ஊறிய கொடி வளையும், காயக் காய இறுகும். தெரிந்ததுதான். ஆனால் ஆரஞ்சு வாசனைக்கும் மெழுகு வாசனைக்கும் நடுவே, காலையில் அந்த இடுக்கில் வந்த வாசனை எங்கிருந்தோ கசிந்துகொண்டிருந்தது. கொடியில் ஒட்டிக்கொண்டு வந்திருக்கும் என்று நினைத்து ஒரு வளையத்தில் மூக்கை வைத்துப் பார்த்தாள். கொடியில் பச்சிலை வாசனைதான் இருந்தது.

போன் அடித்தது.

"முனைக்கடையில நிக்கிறேன். மழை கொட்டுது," என்றான் கணவன். "குடையோட வந்து மகாராஜாவ அழைச்சிட்டுப் போறது."

"வர்றோங்க. சுண்டெலியும் வர்றா."

வெளியே போகக் காரணம் கிடைத்ததில் தனக்கு இவ்வளவு சந்தோஷம் வரும் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. போனை மேசையில் போட்டுவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு தாழ்ப்பாளில் கை வைத்தாள். அது அசையவில்லை. வளையம் தாழ்ப்பாளையும் கொண்டியையும் சேர்த்துக் கவ்வி, இரும்பாகக் காய்ந்திருந்தது. கத்தரிக்கோலைக் கொண்டுவந்து வெட்டினாள். காலையில் பீன்ஸாக வெட்டுப்பட்ட கொடியில் இப்போது ஒரு கீறல்கூட விழவில்லை, கத்தரிக்கோல்தான் பிளந்துகொண்டது.

பின்கதவுக்குப் போனாள். அதுவும் அப்படியே. நகத்தால் முடிச்சைப் பிரிக்கப் பார்த்தாள். நகம் மடங்கியது. வலியில், "சனியனே," என்று முடிச்சைப் பிடித்து இழுத்தாள்.

தோளுக்கு மேலாக ஒரு கை வந்தது. அதன் விரல் முடிச்சின் மேல் உட்கார்ந்தது.

மெழுகுவத்தி வெளிச்சத்தில் அதைப் பார்த்தாள். நீளமான விரல். தோல் சருகாக எலும்பில் ஒட்டியிருந்தது. விரலைச் சுற்றிக் கயிறு அறுத்த தடங்கள். ஒன்றின் மேல் ஒன்றாக, மோதிரம் போட்ட மாதிரி. அழுத்தவில்லை. மிரட்டவில்லை. அவள் முடிச்சுப் போடுவதற்காகப் பொறுமையாகக் காத்துக்கொண்டிருந்தது.

அவள் திரும்பவில்லை. பின்கழுத்தில் மூச்சுப் படவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

"எடு," என்றாள். குரல் வரவில்லை, உதடுதான் அசைந்தது.

விரல் விலகியது.

சமையலறைக்கு ஓடினாள். சுண்டெலி அங்கேதான், அடுப்பு மேடைக்குக் கீழே ஆரஞ்சு வட்டத்தைத் தின்றுகொண்டிருந்தாள். வாரித் தூக்கினாள். ஜன்னலைத் தள்ளினாள். நல்லவேளை, திறந்தது. மழை முகத்தில் அடித்தது.

"அம்மா, கதவு இருக்கே?"

"பூனை மாதிரி போலாம். நீ முதல்ல."

குழந்தையை வெளியே இறக்கிவிட்டாள். கீழே மண். உயரம் அதிகமில்லை. சந்தின் கோடியில் முனைக்கடை விளக்கு மஞ்சளாகத் தெரிந்தது. அவள் மேடையில் ஏறி ஒரு காலை வெளியே போட்டாள். இடுப்பைத் திருப்பினால் போதும். முன்பு செய்ததுதான்.

சுண்டெலி நனைந்தபடி அண்ணாந்து பார்த்தாள். அம்மாவை அல்ல. அம்மாவுக்குப் பின்னால்.

"அந்த அக்காவும் நம்மகூட வர்றாங்களா?"

"எந்த அக்கா?"

"நான் கை கழுவப் போனப்ப எனக்குப் பதிலா விரல் வச்சாங்களாமே. காலையில அந்த ரூம்லேருந்து நம்ம கூடவே வந்தாங்க. நான் எங்க போனாலும் வர்றாங்கம்மா. தூங்கினாலும் பக்கத்துலேயே இருப்பாங்களாம்."

அவளுடைய துணி முனையை ஏதோ பிடித்துக்கொண்டது. இழுக்கவில்லை. கூட்டத்தில் தொலைந்துவிடாமல் இருக்கக் குழந்தைகள் பிடித்துக்கொள்வார்களே, அப்படி. அவள் போனால் போகும். அவள் குதித்தால் குதிக்கும். மழையில் நனைந்து, முனைக்கடைவரை நடந்து, அங்கிருந்து எந்த வீட்டுக்குப் போனாலும் இந்தக் குழந்தையின் படுக்கைக்குப் பக்கத்தில் படுத்துக்கொள்ளும்.

சாமான் அறைக் கதவு ஞாபகம் வந்தது. வெளியே இத்தனை வளையம். உள்ளே ஒன்று. காலையில் புத்தியில் படாதது இப்போது பட்டது. யாரோ உள்ளே நின்று கட்டியிருக்கிறார்கள். அது யார் பின்னாலும் வெளியே போய்விடக் கூடாது என்று, தெரிந்தேதான் கட்டியிருக்கிறார்கள்.

போன் கூடத்தில் இருந்தது. கூடத்துக்குப் போக அதைத் தாண்ட வேண்டும்.

காலை உள்ளே இழுத்துக்கொண்டாள்.

"சுண்டெலி, இங்க பாரு. என்னையே பாரு. அப்பா கடையில இருக்கார். ஓடு. இன்னிக்கு அத்தை வீட்டுக்குப் போங்கன்னு சொல்லு."

"அத்தை நாளைக்குத்தானே இங்க வர்றாங்க?"

"வர வேண்டாம்னு சொல்லு. யாரும் வர வேண்டாம். கதவத் திறக்க வேண்டாம். கொடிய வெட்டவே கூடாதுன்னு சொல்லு. திருப்பிச் சொல்லு பாப்போம்."

"கொடிய வெட்டக் கூடாது." குழந்தையின் உதடு பிதுங்கியது. "நீயும் வாம்மா."

"இன்னும் ஒண்ணு கட்ட வேண்டியிருக்குடா கண்ணு. கட்டிட்டு வர்றேன்."

அவள் மகளிடம் சொன்ன பொய்களிலேயே பெரியது அதுதான். சுண்டெலி நம்பினாள். செருப்பில்லாத கால்கள் சேற்றைத் தெறித்துக்கொண்டு ஓடின. நடுவில் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். அம்மா கையை ஆட்டிப் போகச் சொன்னாள்.

ஜன்னலைச் சாத்தினாள். துணி முனையைப் பிடித்திருந்த கை விடவில்லை. அதையும் இழுத்துக்கொண்டே மூலைக்குப் போய் வாளியிலிருந்து கொடியை எடுத்தாள். தண்ணீர் முழங்கையில் வழிந்தது. ஜன்னலுக்குத் திரும்பினாள். கொக்கியைச் சுற்றி ஒரு சுற்று. கைப்பிடியைச் சுற்றி ஒரு சுற்று. நெஞ்சு வெளியே குதி, குதி என்றது. இன்னும் நேரம் இருந்தது. முடிச்சு விழவில்லை.

கண்ணாடிக்கு அப்பால், கடை விளக்கின் கீழ், அவன் சுண்டெலியைத் தூக்கிக்கொண்டிருந்தான். குழந்தை ஏதோ சொன்னது. அவன் சிரித்தான். திருட்டுப் பூனை ஏதோ விளையாடுகிறாள் என்று நினைத்திருப்பான். இந்தப் பக்கம் பார்த்துக் கையை ஆட்டினான். குழந்தையும் ஆட்டியது.

முதல் முடிச்சைப் போட்டாள். ஈரக் கொடி நழுவியது.

அவள் கேட்கவில்லை. விரல் தானாக வந்து உட்கார்ந்தது.

அதன் மேல் இரண்டாவது முடிச்சை இறுக்கினாள். அழுதுகொண்டே இறுக்கினாள். பலம் இருக்கும் மட்டும்.

"எடு," என்றாள்.

விரல் விலகவில்லை. அதன் பக்கத்தில் இன்னொன்று வந்து உட்கார்ந்தது. வேறு கை. வளையல் தடம் இருந்தது. அதற்குப் பக்கத்தில் இன்னொன்று, தடித்தது, ஓர் ஆணுடையது. எல்லாவற்றிலும் கயிறு அறுத்த தடம். அவளுக்கு முன்னால் இப்படிக் கட்டியவர்கள். முடிச்சைச் சுற்றி வரிசையாக வந்து உட்கார்ந்துகொண்டே இருந்தன. நடுவில், அவளுடைய விரல் ஒன்றுக்கு மட்டும் இடம் விட்டிருந்தன.