ஹாஜியாரின் காது சொன்ன சாட்சி

அந்தப் புதன்கிழமை கல்முனையில் றஸாக் ஹாஜியாரின் வீட்டில் இருந்தவர்கள் ஐந்து பேர்: ஹாஜியார், அவருடைய மனைவி சரீபா, வெள்ளிக்கிழமைக்கு நிக்காஹ் குறிக்கப்பட்டிருந்த மகள் ஹஸ்மியா, ஹாஜியாரின் தம்பி பஸால், பாலமுனையிலிருந்து வந்திருந்த மாப்பிள்ளை ஸிராஜ். ஆறாவதாக ஒருவரும் இல்லை. கடைத்தெருவில் சொல்லப்படும் மற்றப் பெயர்கள் பிறகு சேர்க்கப்பட்டவை. எங்கள் குடும்பத்து விடயம் என்பதால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

அந்தி நேரத்து மஃரிப் தொழுகைக்குச் சற்று முன்னர் ஹாஜியார் ஹோலில் இருந்த அலுமாரியைத் திறந்தார். தமது புதிய கொன்வேட்டரை ஸிராஜுக்குக் காட்டுவது அவர் எண்ணம். கணினியில் இலக்கங்களாக இருக்கும் பதிவை ஒலியாக மாற்றித் தரும் சிறு பெட்டி அது. டோகாவிலிருந்து வரவழைத்தது, வெள்ளி நிற முகம். உப்புக்காற்றுப் படாமல் அதை அலுமாரிக்குள் மூடி வைத்திருந்தார். லெப்டொப்பும் அம்ப்ளிபயரும் வெளியே மேசையில் இருந்தன.

வெள்ளிப் பெட்டி இல்லை. அதன் இடத்தில், ஒதுக்கிப் போட்டிருந்த பழைய கறுப்புப் பெட்டி வயர் மாட்டியபடி இருந்தது.

வீடு முழுக்கத் தேடினார்கள். ஸிராஜ் தாமாகவே தம் பையைத் திறந்து மேசையில் கவிழ்த்தார். ஒரு சேர்ட்டும் சில அழைப்பிதழ்களும் விழுந்தன. ஹாஜியார் அவற்றைப் பார்க்கவில்லை. ஸிராஜின் முகத்தைப் பார்த்தார்.

"வெள்ளிக்கிழமையப் பத்தி யோசிக்கத்தான் வேணும்" என்றார்.

எங்கள் குடும்பத்தில் யாரும் பொலிஸ் நிலையத்துப் படி ஏறியதில்லை. அன்றும் ஏறவில்லை. சரீபாதான் வில்பிரட்டுக்குப் போன் எடுத்தார். குற்றப் பிரிவில் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர் வில்பிரட். மெதடிஸ்த கோவிலுக்குப் பின் தெருவில் குடியிருப்பவர். அந்தப் போன் அழைப்புக்காகச் சரீபாவுக்கு எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

வியாழன் காலை, ஒன்பது மணி. ஐவரையும் ஹோலில் இருத்திவிட்டு வில்பிரட் கேட்கத் தொடங்கினார்.

"வெள்ளிப் பெட்டி கடைசியா எப்ப இருந்த, ஹாஜியார்?"

"பின்னேரம் அசர் தொழுகைக்குப் பொறகும் இருந்த. பள்ளியால வந்து, அம்ப்ளிபயர மட்டும் போட்டு, குர்ஆன் ஓதல விட்ட. ஓதுற காரி மூச்செடுக்கிற சத்தம் கூட கேட்ட. பழைய பெட்டில அது கேக்காது."

"அலுமாரியத் திறந்து பார்த்தீங்களா?"

"எதுக்கு? காது இரிக்கிதானே."

"அதுக்குப் பொறகு ஹோல்ல தனிய இருந்தது யாரு?"

ஹாஜியார் ஸிராஜின் பக்கம் திரும்பினார். ஸிராஜ் பதில் சொன்னார்.

"நான்தான் ஐயா. மாமா மஃரிபுக்குக் கை கால் கழுவி வுழூ செய்யப் போன நேரம். போன்ல ஒரு கோல் வந்த, கேட்டுக்கு வெளியில போய்க் கதைச்சிட்டு வந்த."

"பெட்டியத் தொட்டீங்களா?"

"அலுமாரிக்குள்ள என்ன இரிக்கிண்டே எனக்குத் தெரியாது."

சரீபா குறுக்கிட்டார். "ஒண்டு செல்றன் கேளுங்க. வெள்ளிக்கிழமையோட இந்த வீடு புள்ளட வீடு. மாப்பிள்ள இஞ்ச வந்துதான் இரிக்கப்போறார். ரெண்டு நாள்ல தன்ட ஹோல்ல இரிக்கப்போற சாமான ஆரு களவெடுப்பாங்க?"

எங்கள் பகுதியில் வீடு பெண்ணுக்குத்தான்; மாப்பிள்ளை அங்கே குடிவருவார். வில்பிரட்டுக்கு அது தெரியும். தலையசைத்துவிட்டு ஹஸ்மியாவின் பக்கம் திரும்பினார்.

"நீங்க அந்தப் பெட்டியக் கண்டீங்களா மகள்?"

"ஓம். நேத்துப் பகல் அலுமாரியத் திறந்து தூசி துடைச்ச. வெள்ளிப் பெட்டி உள்ளுக்கு இருந்த. துடைச்சிட்டு இருக்கக்குள்ள பேன் நிண்ட, கரண்ட் போன. மூடிட்டுக் குசினிக்குப் போன. வாப்பா ஹோல்ல இருந்த, பஸால் சாச்சா வருமட்டும்."

"கரண்ட் போய் வந்தா இந்தப் பெட்டியள் தானா வேலை செய்யுமா?"

"பழசு தானா எழும்பும். புதுசு எழும்பாது, அதுர முகத்தில இரிக்கிற பட்டன அமத்தணும். வாப்பாக்கு முழங்கால் நோவு, குனிய ஏலா. எப்பவும் என்னத்தான் கூப்பிடுவார்."

"நேத்து அசருக்கு எங்க இருந்தீங்க?"

"குசினில. உம்மாவோட மஃரிப் ஆகுமட்டும் பலகாரம் சுட்ட. வெளிய வரவே இல்ல."

கடைசியாகப் பஸால். அரிசி மில் வைத்திருப்பவர்; அண்ணனைக் காக்கா என்று அழைப்பவர்; சிரித்த முகத்துக்காரர். அன்று சிரிக்கவில்லை.

"கரண்ட் இல்லாம மில் ஓடல்ல. இஞ்ச வந்து ஹோல்லயே படுத்த. காக்கா பகல் லுஹர் தொழுகைக்குப் போய், அப்பிடியே வயலையும் பார்த்திட்டு, அசரும் தொழுதிட்டுத்தான் வந்த. அவர் வருமட்டும் நான் இஞ்சதான். கரண்ட் வரக்குள்ளயும் இஞ்சதான். பொறகு ஸிராஜ் வந்த, நான் வராந்தாவுக்குப் போன."

"நீங்க படுத்திருந்த நேரம் வேற ஆரும் ஹோலுக்கு வந்தாங்களா?"

"ஒருத்தரும் வரல்ல."

"இந்தப் புதுப் பெட்டி பற்றி உங்கட நினைப்பு என்ன?"

ஹாஜியார் முந்திக்கொண்டார். "அவன்ட்டக் கேட்டு என்ன? ரெண்டு பெட்டியும் ஒண்டுதானாம். மில்லுச் சத்தத்தில இரிக்கிற காதுக்கு வேற எப்பிடிக் கேக்கும்?"

"பெருநாளைக்கு வந்த ஆக்கள் எல்லாருக்கும் முன்னாலயும் இதையேதான் செல்லிச் சிரிச்சீங்க" என்றார் பஸால், நிலத்தைப் பார்த்தபடி.

வில்பிரட் எழுந்து வீட்டுக்குப் போனார். லுஹர் முடிந்ததும் ஒரு கார்ட்டன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு திரும்பி வந்தார். அதை அலுமாரிக்குப் பக்கத்தில் வைத்தார்.

"ஹாஜியார், கண்ண மூடிக்கொண்டு கேளுங்க. முதல் பழைய பெட்டி."

ஓதல் ஒலித்தது. ஹாஜியார் முகம் சுளித்தார். "துணி போட்டு மூடின மாதிரி இரிக்கி."

வில்பிரட் நிறுத்தினார். கார்ட்டனைத் திறக்கும் சத்தம், அலுமாரிக்குள் ஏதோ நகரும் சத்தம், கதவு மூடும் சத்தம். மறுபடியும் அதே ஓதல்.

ஹாஜியாரின் முகம் மலர்ந்தது. "இதுதான். துணி எடுபட்டுப் போன. மூச்சும் கேக்குது. எங்க கிடைச்ச இந்தப் பெட்டி?"

"கண்ணத் திறங்க."

அலுமாரிக்குள் கறுப்புப் பெட்டிதான் இருந்தது. கார்ட்டனில் கேக் இருந்தது.

"நான் ஒண்டையும் மாத்தல்ல. இது கல்யாணத்துக்கு என்ட மனிசி செஞ்ச கேக். ஏமாத்தினதுக்கு மன்னிச்சுக்கொள்ளுங்க, வேற வழி இல்ல."

வில்பிரட் கதிரையை இழுத்து ஹாஜியாருக்கு நேரே இருந்தார்.

"உங்கட காதில குறை இல்ல. புதுப் பெட்டி இரிக்கிண்டு மனசு நினைச்சா காதும் அப்பிடியே கேக்கும். எனக்கும் அதே கதிதான். ஆனா மாப்பிள்ளைக்கு எதிரான சாட்சி அந்தக் காது ஒண்டுதான். அத எடுத்திட்டா, பெட்டி அசருக்கு முந்தியே போயிருக்கலாம்."

"இருக்கலாம். போனதெண்டு எப்பிடிச் செல்றீங்க?" என்றார் ஹாஜியார்.

"கரண்ட் சொல்லுது. ஹஸ்மியா வெள்ளிப் பெட்டியக் கண்ட கையோட கரண்ட் போன. அசருக்குக் கிட்ட வந்த. வெள்ளிப் பெட்டி இருந்திருந்தா, ஆராவது பட்டன அமத்தும் வரைக்கும் உங்களுக்கு ஒரு சத்தமும் வந்திராது. நீங்க அலுமாரியத் திறக்கல்ல. மகளக் கூப்பிடவும் இல்ல. அம்ப்ளிபயரப் போட்டொடன ஓதல் வந்த. அப்ப உள்ளுக்கு இருந்தது பழைய பெட்டி. ஸிராஜ் அதுக்குப் பொறகுதான் இந்த வீட்டுக்கு வந்த."

பிறகு அவர் குரலைத் தாழ்த்தினார்.

"ஹாஜியார் பள்ளிக்குப் போய் வருமட்டும் ஹோல்ல இருந்தது ஒராள். வேற ஒருத்தரும் வரல்லண்டு அவரேதான் சொன்ன. பஸால் தம்பி, பெட்டி எங்க?"

பஸால் எழுந்து முற்றத்துக்குப் போனார். மோட்டார் சைக்கிளில் பூட்டியிருந்த பெட்டியிலிருந்து, சாரத்தில் சுற்றிய ஒன்றை எடுத்து வந்து மேசையில் வைத்தார்.

"முசுப்பாத்திக்குத்தான் மாத்தின காக்கா. நீங்க பழச வச்சிக் கேட்டுட்டுப் புதுசெண்டு புகழணும், மஃரிபுக்குப் பொறகு எல்லாருக்கும் முன்னால செல்லணும், அவ்வளவுதான். நீங்க ஸிராஜப் பார்த்த பார்வையக் கண்டொடன வாய் வரல்ல. ராவைக்கும் வரல்ல. விடியவும் வரல்ல."

விளையாட்டாகப் பெட்டியை எடுத்தது சிறு விடயம். இன்னொருவர் வீட்டுப் பிள்ளையின் மேல் பழி விழ, ஓர் இரவு முழுக்க வாய் மூடி இருந்தது சிறு விடயம் அல்ல. பஸால் எங்கள் இரத்தம் என்பதற்காக இதை நான் மறைக்கப்போவதில்லை. அவரும் மறைக்கச் சொல்லவில்லை.

ஹாஜியார் பெட்டியைத் தொடவில்லை. முழங்கால் நோவைப் பாராமல் எழுந்து, ஸிராஜின் இரண்டு கைகளையும் பிடித்தார்.

"மாப்புத் தாங்க மகன்."

"நீங்க என்ட பேக்கைத் திறக்கச் செல்லல்ல மாமா. நானாத்தான் திறந்த" என்றார் ஸிராஜ். "உம்மா வாப்பாட்ட நான் ஒண்டும் செல்லல்ல. செல்லவும் மாட்டன். சாச்சாவும் நாளைக்கு எனக்குப் பக்கத்தில இரிக்கணும்."

பஸால் அப்போதுதான் அழுதார்.

சரீபா கேக்கை வெட்டினார். வில்பிரட் பிளேன்டீ குடித்தார். ஹாஜியார் கொடுக்க வந்த எதையும் வாங்கவில்லை. கேக் வந்த கார்ட்டனை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டு போனார், மனைவிக்குத் தேவைப்படுமாம். அவர் வந்திராவிட்டால் ஹஸ்மியாவின் வாழ்க்கை ஒரு காதின் பெருமையில் முறிந்திருக்கும். தொழுகைக்குப் பிறகு எங்கள் வீட்டில் அவருக்காகவும் கையேந்துகிறோம்.

பிறகு ஹாஜியார் ஹஸ்மியாவை வைத்து இரண்டு பெட்டிகளையும் மாற்றி மாற்றிக் கேட்டுப் பார்த்தார். எது எது என்று அவரால் பிரிக்க முடியவில்லை. அதை வந்தவர்களுக்கெல்லாம் அவரே சொல்கிறார்.

மாப்பிள்ளை எடுத்த பெட்டியைத் திருப்பிக் கொடுத்த பிறகுதான் நிக்காஹ் நடந்தது என்று பாலமுனையில் ஒரு கதை உலாவுகிறது. அது பொய். பெட்டியை எடுத்தவர் பஸால். திருப்பித் தந்தவரும் பஸால். நிக்காஹ் குறித்த வெள்ளிக்கிழமையே நடந்தது.